வலங்கை, இடங்கை: ஒரு பழைய சண்டையும் ஒரு டீக்கடைக் கேள்வியும்

திருவண்ணாமலையில் வலது இடது பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. மலையை வலம் வருகிறோம், அதாவது மலை எப்போதும் நம் வலக்கைப் பக்கம். ஆனால் சாலையில் இடது ஓரமாகத்தான் நடக்கணும் என்பார்கள். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் உரியதாம். பார்வதி பவளக்குன்றில் தவமிருந்து வாங்கியது ஈசனின் இடப்பாகத்தை. கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் மட்டும் வெளியே வந்து அந்தப் பாகப்பிரிவினையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ரமணரோ இதயம் மார்பின் வலப்பக்கம் இருக்கிறது என்று சொல்லி, கேட்க வந்த டாக்டர்களையெல்லாம் குழப்பினார்.

இப்படிப்பட்ட ஊரில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் செங்கம் ரோட்டு டீக்கடையில், ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "இந்த இடதுசாரி, வலதுசாரிங்கறதெல்லாம் இன்னும் இருக்குதா தம்பி? எல்லாரும் எல்லார்கூடவும் கூட்டணி வெச்சாச்சு. அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?"

இதற்குப் புத்தகப் பதில் ஒன்று உண்டு. 1789-ல் பிரெஞ்சு தேசிய சபையில், ராஜாவுக்குச் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் வேணுமா வேண்டாமா என்று விவாதம் வந்தது. வேணும் என்றவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும் வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய பேர்தான் உலகம் முழுக்கப் பரவியது. சரி. ஆனால் நம் மக்களவையில் ஆளுங்கட்சி யாராக இருந்தாலும் சபாநாயகருக்கு வலப்பக்கம்தான் உட்காரும். கம்யூனிஸ்ட் ஜெயித்தாலும் வலது பக்கம், தோற்றால் இடது பக்கம். அந்தக் கதையை வைத்துக்கொண்டு பெரியவருக்குப் பதில் சொல்ல முடியாது.

எனக்குக் கல்வெட்டு வாசிக்கிற கிறுக்கு உண்டு. அதனால் நினைவுக்கு வந்தது வேறு ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் இடமும் வலமுமாகப் பிரிவதற்கு எழுநூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே தமிழ்நாடு வலங்கை, இடங்கை என்று இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தது. சண்டை சுமார் எண்ணூறு வருஷம் நடந்தது. பிறகு ஒரு நூற்றாண்டுக்குள் சுவடே இல்லாமல் போனது. இன்றைக்கு "நீங்க வலங்கையா, இடங்கையா?" என்று கேட்டால் சோத்துக் கையா, பீச்சாங்கையா என்று கேட்பதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். ஒரு பெயர் எப்படி உயிரோடு இருக்கிறது, எப்படிச் சாகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இது படைப்பிரிவின் பெயராகத்தான் தென்படுகிறது. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரப் படைகள் வரிசையாக வருகின்றன. பிறகு இடங்கையும் வருகிறது. இலங்கையில் பொலன்னறுவையில் வேளைக்காரர் வெட்டிய தமிழ்க் கல்வெட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. படையிலிருந்து ஊருக்குள் எப்போது இறங்கியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பல கருத்துகள். ஆனால் முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த புதிதில், அதாவது 1070-களின் தொடக்கத்தில், காவிரிக் கரையில் ராஜமகேந்திரச் சதுர்வேதிமங்கலத்தில் வலங்கைக்கும் இடங்கைக்கும் கலகம் நடந்து ஊரே எரிந்தது. கோயில் பண்டாரம் கொள்ளை போனது. ஊரைச் சீர்செய்யச் சபையார் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

பிறகு இந்தப் பிரிவுகளுக்குப் புராணமும் சேர்ந்தது. திருச்சிக்கு வடக்கே ஊட்டத்தூரில், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியின் கடைசியில் 1218-ல் வெட்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. இடங்கை 98 குலத்தாரும் காசிபருடைய வேள்வியைக் காக்க அக்கினிக் குண்டத்தில் பிறந்தவர்கள் என்கிறது அது. வலங்கைக்கும் 98 குலம் என்பதுதான் கணக்கு. உட்கார்ந்து எண்ணினால் 98 வராது. ஆனால் இரண்டு கைக்கும் சரிசமமாக இருக்கணும் என்பதில் மட்டும் எல்லாரும் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம், எந்தக் கையில் யார் என்பது. ஊருக்கு ஊர் மாறும். பொதுவாகச் சொன்னால், வலங்கையில் நிலமும் விவசாயமும் சார்ந்தவர்கள்: வேளாளர், அவர்களை அண்டிய தொழில் சாதியார், கூடவே பறையர். இடங்கையில் கம்மாளர் எனப்படும் ஐந்தொழில் செய்பவர்கள், பேரிச் செட்டியார் போன்ற வணிகர்கள், பல இடங்களில் பள்ளர், அருந்ததியர். பிராமணர் இரண்டிலும் சேரமாட்டார்கள். சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்லுகிற பக்கம் அவர்கள். சில இடங்களில் ஒரே சாதியில் புருஷன் ஒரு கை, பெண்டாட்டி மறு கை என்றுகூடப் பதிவு இருக்கிறது. சண்டைக் காலத்தில் அந்த வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று அவரவர் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரும் அந்த நிலத்தில் சேற்றில் நிற்கிறவரும் ஒரே கை. சேற்றில் நிற்கிற இன்னொருவர் எதிர்க் கை. பறையருக்கு வலங்கையில் பெரிய மரியாதைப் பெயர்களெல்லாம் இருந்தன; வலங்கையின் தோள்பலமே அவர்கள்தான் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த மரியாதை கலவரம் நடக்கும் அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் காலையில் பழையபடி சேரி, பழையபடி கூலி.

அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். மனுஷர் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, 1792-ல், பிரான்ஸை விட்டு இங்கே வந்தவர். சொந்த நாட்டில் வலது இடது பிறந்த வேகத்தில் தப்பி வந்து, இங்கே வலங்கை இடங்கையில் மாட்டிக்கொண்டார், பாவம். அவர் பார்த்த ஒரு பெரும் சண்டை பறையருக்கும் அருந்ததியருக்கும் நடந்தது. காரணம் என்ன தெரியுமா? பொது விழா ஒன்றில் அருந்ததியர் ஒருவர் தலைப்பாகையில் சிவப்புப் பூ செருகிக்கொண்டு வந்துவிட்டார். உன் சாதிக்கு அந்த உரிமை கிடையாது என்று பறையர் கிளம்ப, சுற்றுவட்டாரமெல்லாம் திரண்டது.

இரண்டு பேருக்குமே நிலம் கிடையாது. இரண்டு பேருமே கோயிலுக்கு வெளியே நிற்கிறவர்கள். சண்டை, பூவுக்கு.

பூ மட்டுமில்லை, எல்லாச் சண்டையும் இந்த ரகம்தான். கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறலாமா, பல்லக்கு ஏறலாமா, செருப்புப் போடலாமா, கொடியில் என்ன படம், பந்தலுக்குப் பதினோரு காலா பன்னிரண்டு காலா, எந்தத் தெரு வழியாகப் போகலாம். சென்னையில் கோட்டை கட்டிக் கொஞ்ச நாளில், 1652-லேயே, இந்தச் சண்டை வந்துவிட்டது. 1707-ல் வந்ததுதான் பெரியது. கவர்னர் தாமஸ் பிட் எந்தத் தெரு எந்தக் கைக்கு என்று பிரித்து எல்லைக்கல் நடச்செய்தார். அது வலங்கையாருக்குப் பிடிக்காமல் கூட்டம் கூட்டமாகச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். கம்பெனியின் நெசவு வியாபாரம் படுத்தது. இந்த பிட் ஒரு பெரிய வைரத்தை இங்கே வாங்கி அனுப்பி, அது கடைசியில் பிரெஞ்சு ராஜாக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை. கறுப்பர் பட்டணத்தில் வலம் இடம் பிரித்தவருடைய வைரம், பாரீஸில் வலம் இடம் பிரிந்தபோது அந்த ராஜாவின் பொக்கிஷத்தில் இருந்தது. இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எண்ணூறு வருஷக் கதையில் ஒரே ஒரு இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1429. விஜயநகர ஆட்சி. வரி தாங்க முடியாமல் போனது. அந்த வருஷத்துக் கல்வெட்டுகள் ஆடுதுறை, கொறுக்கை, எலவானாசூர் போன்ற பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. எலவானாசூர் நமக்குத் தூரமில்லை. திருக்கோவிலூர் தாண்டித் தெற்கே போனால் வந்துவிடும். வலங்கை 98, இடங்கை 98 இரண்டும் ஒன்றாகக் கூடி முடிவெடுத்ததாக அவை சொல்கின்றன. ராஜாங்க அதிகாரிகளும் அவர்களோடு சேர்ந்த பிராமண, வேளாளக் காணியாளரும் வற்புறுத்தி வாங்குகிற வரியைக் கொடுக்கமாட்டோம். எதற்கு எவ்வளவு என்பதை நாங்களே நிர்ணயிக்கிறோம். அவர்களுக்கு அடைக்கலம் கொடுக்கக்கூடாது, கணக்கு எழுதக்கூடாது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை ஒன்றாக வைத்து வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கவனியுங்கள், வலங்கையின் தலைமாட்டில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் வேளாளக் காணியாளர் இங்கே எதிர்ப்பக்கம். கோடு திரும்பிவிட்டது. அதுவரை கீழ்நோக்கி விழுந்த வெட்டு, அந்த ஒரு வருஷம் குறுக்கே விழுந்தது. கை இரண்டும் சேர்ந்தபோதுதான் உடம்பில் பாதி வேறு யாரோ என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அது நிலைக்கவில்லை. இருநூறு வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்து பார்த்தால் மறுபடியும் பந்தக்கால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் எப்படிச் செத்தது? யாரும் சமாதானம் பேசி வைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அரசு இந்த வழக்குகளைக் கேட்பதில் ஆர்வம் இழந்தது. எந்தக் கைக்கு எந்தக் கொடி என்று தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. 1871 முதல் ஜனத்தொகைக் கணக்கில் சாதியைத்தான் கேட்டு எழுதினார்கள். மனு போடுவது, மாநாடு கூட்டுவது, உத்தியோகம் கேட்பது எல்லாம் சாதிப் பெயரில் நடக்க ஆரம்பித்ததும் கைக்கு வேலை இல்லாமல் போனது. சண்டைகள் போகவில்லை, அவை வேறு பெயரில் பதிவாயின. கேட்கிற நாற்காலி காலியானதும் அந்தப் பெயர் செத்தது என்பது என் கணிப்பு.

இனி நம் காலத்து வலது இடதுக்கு வருவோம். தமிழ்க் காதுகளில் இந்தச் சொற்கள் அழுத்தமாக விழுந்தது 1964-க்குப் பிறகு என்று நினைக்கிறேன். அந்த வருஷம் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது. சாதாரண ஜனங்கள் ஒன்றை "வலது கம்யூனிஸ்ட்" என்றும் மற்றதை "இடது கம்யூனிஸ்ட்" என்றும் சொன்னார்கள். இடதுக்குள்ளேயே ஒரு வலது!

மூன்று வருஷம் கழித்து, 1967 தேர்தல். பெரியவர் கேட்ட கேள்விக்கு நேரடி சாட்சி இதுதான். ராஜாஜி 1952-ல் முதலமைச்சராக வந்தபோது கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று பகிரங்கமாக அறிவித்தவர். 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் சோஷலிச மாதிரி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பிறகு 1959-ல் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யத்தை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார் ராஜாஜி. இந்தியாவில் வலதுசாரி என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளத் தகுந்த கட்சி அது. 1967-ல் அந்தச் சுதந்திராவும் மார்க்சிஸ்ட் கட்சியும் தி.மு.க. தலைமையில் ஒரே அணி. சுதந்திரா 20 சட்டமன்ற இடம், மார்க்சிஸ்ட் 11. மார்க்சிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார். தனியாக நின்ற "வலது" கம்யூனிஸ்டுக்குக் கிடைத்தது 2. விருதுநகரில் காமராஜரே தோற்றார். ஆக வலது கம்யூனிஸ்ட் வெளியே, இடது கம்யூனிஸ்ட் உள்ளே, ராஜாஜிக்குப் பக்கத்தில்.

பெரியாரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? 1932-ல் சோவியத் ரஷ்யா போய் வந்து சிங்காரவேலரோடு சமதர்மம் பேசியவர். 1952 தேர்தலில் கம்யூனிஸ்டுகளை ஆதரித்தார். பிறகு காமராஜருக்காகக் காங்கிரஸை ஆதரித்து, 1967-ல் தி.மு.க.வை எதிர்த்தார். தி.மு.க. முதன்முதலில் மக்களவைக்கு அனுப்பிய இரண்டு பேரில் ஒருவர், 1957-ல், இந்தத் திருவண்ணாமலைத் தொகுதியிலிருந்து போன இரா. தர்மலிங்கம். அவருக்கு இங்கே ஓட்டுப் போட்டவர்கள் இடதுக்குப் போட்டார்களா, வலதுக்கா? கேள்வியே பொருந்தவில்லை. தமிழ்நாட்டு அரசியலை வெட்டிய கோடு பிராமணர், பிராமணரல்லாதார் என்று வேறு திசையில் போயிற்று. அந்தக் கோடு எவ்வளவு நிஜம் என்பதற்கு ரமணாசிரமச் சாப்பாட்டுக் கூடமே சாட்சி: ஒரு காலத்தில் அங்கே பிராமணர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம், நடுவே தடுப்பு, இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் ரமணர். யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதுதான் இங்கே பெரிய அரசியலாக இருந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால், "ஆமா பெரியவரே, அந்தப் பேருக்கெல்லாம் அர்த்தம் இல்லை" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்துப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. காரணம் கீழத்தஞ்சை.

1943-ல் பி. சீனிவாசராவ் அங்கே போய் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டினார். கன்னடக்காரர், பிராமணர், தமிழ் அங்கே போய்த்தான் நன்றாகப் பழகினார். சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையாளுக்குத் தண்டனையாக இருந்த ஊர்கள் அவை. சங்கத்தின் நெருக்கடியால் 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் அந்தத் தண்டனைகள் நின்றன. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு: அந்தச் சங்கத்தில் பள்ளரும் பறையரும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். பழைய கணக்கில் ஒருவர் இடங்கை, ஒருவர் வலங்கை. எண்ணூறு வருஷமாக எதிரெதிர் கையில் வைக்கப்பட்டவர்கள். இங்கே "இடது" என்ற சொல் அவர்களை ஒரு பக்கமும் மிராசுதாரை மறு பக்கமும் வைத்தது. 1429-க்குப் பிறகு கோடு மறுபடி குறுக்கே விழுந்தது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு விசித்திரம். தஞ்சாவூர்க் குத்தகைதாரரையும் பண்ணையாளையும் பாதுகாக்கும் அவசரச் சட்டம் 1952-ல் வந்தது. கொண்டுவந்தது யார் அரசு? கம்யூனிஸ்டுகளை முதல் எதிரி என்ற அதே ராஜாஜி அரசு, அதே வருஷம். கருணையாலா, பயத்தாலா என்று கேட்டால், கீழத்தஞ்சையில் செங்கொடி அவ்வளவு உயரமாகப் பறந்திராவிட்டால் அந்தச் சட்டம் வந்திருக்காது என்பேன். வலதுக்கு எதிரே இடது என்று ஒன்று நிற்பதன் பலன் இதுதான். ஜெயிக்காவிட்டாலும் எதிராளி கையால் ஒரு சட்டம் எழுதவைக்கிறது.

1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தகராறு, செங்கொடியை இறக்கச் சொன்ன தகராறு. ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிக்கப்பட்டார்கள். அப்போது கோட்டையில் இருந்தது, இடதும் வலதும் சேர்ந்து கொண்டுவந்த அரசு. கீழ்க்கோர்ட் கொடுத்த தண்டனையை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. காரும் நிலமும் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

மேடையில் ராஜாஜியும் ராமமூர்த்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது நிஜம். களத்துமேட்டில் அந்த இரண்டு பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவில்லை என்பதும் நிஜம். அதனால் பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: கட்சியைப் பார்த்து இடதா வலதா என்று கேட்காதீங்க, ஐயா. அந்தப் பேர் யாரை யார் பக்கத்தில் உட்காரவைக்குது, யாரைப் பிரிக்குதுன்னு பாருங்க. நெல் போடுகிறவனையும் நெல் அளக்கிறவனையும் ஒரே கையில் வைத்தால், அது 1707 சமாச்சாரம்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இப்ப யாருப்பா நெல்லுல கூலி வாங்குறான்" என்றார். நியாயம்தான். பௌர்ணமி முடிந்த காலையில் கிரிவலப் பாதை முழுக்கக் குப்பை வாருகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு இன்றைக்கு எந்தச் சொல் பக்கத்தில் ஆள் சேர்த்துக் கொடுக்கிறது என்று அவர் கேட்டிருந்தால், நான் கொஞ்ச நேரம் யோசித்திருப்பேன்.

ஒரு வேண்டுகோள். கொங்குப் பக்கத்தில் பிரெண்டா பெக் 1960-களில் ஆய்வு செய்தபோதுகூட வலங்கை இடங்கை வித்தியாசம் சடங்குகளிலும் உறவுமுறைகளிலும் தென்பட்டிருக்கிறது. வடாற்காடு, தென்னாற்காடு பக்கத்தில் உங்கள் வீட்டுப் பாட்டி தாத்தா யாராவது "நாம இந்தக் கை" என்று சொல்லிக் கேட்டிருந்தால், கல்யாணப் பந்தலுக்குக் கால் எண்ணுகிற வழக்கம் இருந்திருந்தால், எந்த ஊர், என்ன கணக்கு என்று எழுதி அனுப்புங்கள். எலவானாசூர்க் கல்வெட்டைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதும்போது சேர்த்துக்கொள்கிறேன்.